எடை மேடையில் ஒரு கிரீம் பன்

லாரியில் வந்த பழைய இரும்பு, வரும் வழியில் எங்கேயோ நூறு கிலோ சதை போட்டிருந்தது.

ஏற்றிய இடத்தில் கொடுத்த எடைச் சீட்டு ஒரு கணக்குச் சொன்னது. எங்கள் எடை மேடை அதைவிட நூறு கிலோ கூடுதலாகச் சொன்னது. இரும்பை வாங்க வந்தவர் இரண்டு சீட்டையும் விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு குதித்தார்.

"வழியில என்னய்யா ஏத்துன? கல்லா, மண்ணா?"

"ஒண்ணும் ஏத்தலைங்க." லாரி ஓட்டுநர் தலை நரைத்த, சாதுவான மனுஷர். இருக்கையைத் தூக்கிக் காட்டினார். டூல் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். கடைசியில் தன் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து காட்டினார்.

"தூக்குல நூறு கிலோவா இருக்கும்? என்னைக் கேனையன்னு நினைச்சியா?"

அந்த நூறு கிலோ யார் என்று அங்கே தெரிந்தவன் ஒருவன்தான். அவன் வாயோரத்தில் கிரீம் ஒட்டியிருந்தது.

எடை மேடை என்பது தரையோடு தரையாகப் பதித்த ஒரு பெரிய இரும்புப் பலகை. லாரி அதில் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் கணினிக்காரம்மா பொத்தானோடு உட்கார்ந்திருப்பார். வெளியே நிற்பவன் நான். சக்கரமெல்லாம் பலகைக்குள் இருக்கிறதா, பலகையில் மனித ஜீவன் எதுவும் நிற்காமல் இருக்கிறதா என்று பார்த்துக் கையை உயர்த்துவேன். அந்தம்மா அழுத்துவார். இதற்குத்தான் எனக்குச் சம்பளம். "இறங்குய்யா, உன்னையும் சேர்த்தா விக்கப் போறாங்க?" என்று எத்தனையோ கிளீனர்களை விரட்டியிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட நான், அன்று காலை லாரியின் பின்புறம், கண்ணாடி அறைக்குத் தெரியாத இடமாகப் பார்த்து நின்றேன். தெரியாத இடம் என்றுதான் பார்த்தேனே தவிர, அது பலகையின் நட்டநடு என்று பார்க்கவில்லை. ஒரு கையில் பன். இன்னொரு கையை மட்டும் லாரிக்கு வெளியே நீட்டி உயர்த்தினேன். அந்தம்மா அழுத்திவிட்டார்.

"நான்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. சொல்லாததோடு விட்டேனா? எல்லோரோடும் சேர்ந்து நானும் குனிந்து லாரிக்கு அடியில் தேடினேன். எதைத் தேடினேன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

"எதுக்கு வாய்ச் சண்டை? கேமராவைப் போட்டுப் பாருங்க" என்றார் எங்கள் மேலாளர்.

கேமரா ஒன்று பின்பக்கமும் இருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதைத் துடைப்பதும் நான்தான்.

கணினியைச் சுற்றி எல்லோரும் கூடினோம். என்னை நான் அந்தக் கோணத்தில் பார்த்துப் பழக்கமில்லை. திரையில் ஒரு பெரிய மனிதன் அங்குமிங்கும் பார்க்கிறான். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுக்கிறான். ஒரு கடி கடித்ததும் கண்ணை மூடிக்கொள்கிறான். அந்த முகத்தில் அப்படி ஒரு சாந்தி. கடைசியில் ஒவ்வொரு விரலாக நக்குகிறான்.

சண்டைக்கு வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவரையும் சேர்த்தே எடுத்துக்கறேன் சார். இரும்பைவிட நல்லா உருகுவார்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குண்டாக இருப்பவனுக்கு இந்தப் பயிற்சி பள்ளிக்கூடத்திலேயே வந்துவிடும். மற்றவர்கள் முடிப்பதற்குள் நாமும் ஆரம்பித்துவிட வேண்டும்.

ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி எடை போட்டுக் கணக்கு நேரானதும், தூக்கை மூடிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே. நானா இருந்தா சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான். கோபம்கூட இல்லை குரலில். திட்டியிருந்தால் தேவலை.

இதற்கிடையில் கணினிக்காரம்மா அந்தக் காட்சியைத் தன் போனில் பிடித்திருந்தார். நல்ல மனசுக்காரிதான், விரல்தான் சும்மா இருக்காது. நான் முகம் கழுவி வருவதற்குள் அது லாரிக்காரர்கள் குழுவுக்குப் போய்விட்டது. லாரிக்காரர்கள் குழுவில் டயர்க்காரர்களும் உண்டு. என் அக்கா வீட்டுக்காரர் டயர் விற்பவர்.

*

ஒரு பன்னுக்கு ஏன் இத்தனை ஒளிவு மறைவு என்று, இந்தத் தொடரை இந்த வாரம்தான் படிக்கத் தொடங்கியவர்கள் கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் பாதி நாள் இயந்திரத்தோடு கட்டிப்போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். மாமாவுடையது பொருந்தவில்லை. என்னுடையது பொருந்தியது. அன்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவில், "ஒண்ணு என்ன, ரெண்டையும் எடுத்துக்கோ" என்று வீரவசனம் பேசினேன். பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

டாக்டர் மட்டும் துடைத்துக்கொள்ளவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த எடையில உங்க மேல கத்தி வைக்க முடியாது. ஒண்ணை எடுத்தா, மிச்சம் இருக்கற ஒண்ணு உங்களைச் சுமக்கணுமே. குறைச்சுட்டு வாங்க, தேதி தர்றேன்."

குறைத்தால் அக்கா பிழைப்பாள். இவ்வளவு தெளிவான கணக்கு என் வாழ்க்கையில் வந்ததில்லை.

முதல் மாதம் கொஞ்சம் குறைந்தது. அடுத்த மாதம் அது வீட்டுக்குத் திரும்பி வந்தது. துணைக்கு இன்னும் கொஞ்சத்தைக் கூட்டிக்கொண்டு.

சாப்பிடாமல் இருக்கத் தெரியாதவன் இல்லை நான். நாள் முழுக்க வெள்ளரிக்காயும் வெந்நீருமாக இருந்து காட்டியிருக்கிறேன். சாப்பிடவும் தெரியும், அதற்குக் கேமராவே சாட்சி. ஒரு பன்னைப் பாதி தின்று மீதியை மூடி வைப்பது இருக்கிறதே, அந்த வித்தைதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

*

மத்தியானம் ஆஸ்பத்திரியில் சத்துணவு ஆலோசகரைப் பார்க்க வேண்டிய நாள். என் மனைவி கண்ணாடிக் கடையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு நேராக வந்திருந்தாள். அங்கே அவள் கண் பரிசோதிக்கிறவள். எழுத்து தெரியாமல் தெரிகிற மாதிரி நடிப்பவர்களை நாள் முழுக்கப் பார்ப்பதால், என்னைப் பார்க்க அவளுக்குத் தனியாக முயற்சி தேவைப்படுவதில்லை.

பத்தியம் எனக்கு, இளைத்தது அவள். வீட்டில் நான்கு மாதமாக வேகவைத்த காய்தான். ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது, அதையும் எனக்காகக் கடைக்கு எடுத்துப்போய்விட்டாள். சுரிதார் தோளிலிருந்து நழுவுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

தராசில் ஏறினேன். செருப்பைக் கழற்றினேன். பெல்ட்டைக் கழற்றினேன். கைக்கடிகாரத்தையும் கழற்றியபோது ஆலோசகர், "போதும் சார்" என்றார். சின்னப் பெண்தான். என் ஒரு காலில் அவளைப் போல் ஒருத்தியைச் செய்துவிடலாம்.

"போன தடவையைவிடக் கூடத்தான் இருக்கு."

"எலும்பு கனம் மேடம். எங்க பரம்பரையிலயே—"

"எலும்புல கிரீம் ஒட்டாதே சார்."

என் சட்டைப் பைக்கு மேல் வெள்ளையாக ஒரு தீற்றல். மனைவி கைக்குட்டையை எடுத்து, என் பக்கம் திரும்பாமலே நீட்டினாள்.

ஆலோசகர் திட்டவில்லை. "பன் தப்பில்ல சார். தினமும் ஒரு பாதி சாப்பிடுங்க. நான் வேண்டாங்கல. ஆனா வீட்டு மேசைல தட்டு வெச்சு உக்காந்து, எல்லாரும் பாக்க சாப்பிடணும். நீங்க பட்டினியும் ஒளிஞ்சு கிடக்கறீங்க, சாப்பாடும் ஒளிஞ்சு சாப்பிடறீங்க. அதுல உடம்புக்கு எது நிஜம்னே தெரியாம போகுது."

எல்லோரும் பார்க்கச் சாப்பிடுவதா! அதைவிடப் பட்டினி சுகம். நான் கடைசியாக நாலு பேர் எதிரில் ஆசைப்பட்டதை ஆசைப்பட்டேன் என்று காட்டிச் சாப்பிட்டது எப்போது? யோசித்துப் பார்த்தால் அக்கா வீட்டில்தான். அவள் மட்டும்தான் நான் சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பவள்.

"மெதுவா குறைச்சா போதும் சார்" என்று ஆலோசகர் எழுந்தாள். "இனிமே அவசரம் இல்லையே."

எனக்குப் பொறி தட்டியது. "அவசரம் இல்லையா? ஆபரேஷன் இருக்கே?"

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "அது... டாக்டர் சொல்வாங்க சார்" என்று, வெளியே யாரும் கூப்பிடாத அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வராந்தாவில் மனைவியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவசரம் இல்லைன்னா என்ன அர்த்தம்?"

"சாப்பிட்டீங்களா காலைல? பன் தவிர?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"உங்களுக்கும் எப்பவாவது நான் கேட்டதுக்குப் பதில் சொல்லணும்னு தோணியிருக்கா?" அவள் குரல் உயரவில்லை. "நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டேன். வெள்ளரிக்கான்னீங்க. சட்டைப் பையைத் துவைக்கறது யாருங்க? எறும்பு வருது. நானும் தினமும் பையை உதறிட்டுத்தான் மெஷின்ல போடறேன்."

என் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள். நழுவிய தோள்பட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். "அக்காவைப் போய்ப் பாருங்க. அவங்ககிட்டயே கேளுங்க. எனக்குக் கடைக்கு நேரமாச்சு."

போகிறவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் இவ்வளவு சின்னவளாக எப்போது ஆனாள்?

*

ரத்தம் சுத்தம் செய்யும் பிரிவின் வாசலில் மாமா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் போனைத் தொடையில் கவிழ்த்தார். அதற்குள் லாரியின் பின்பக்கமும் ஒரு முழங்கையும் எனக்குத் தெரிந்துவிட்டன.

"வா மாப்ள. நல்லாருக்கியா?"

"மாமா, டாக்டர் தேதி பத்தி ஏதாவது சொன்னாரா?"

"தேதியா... மாப்ள, கீழ பார்க்கிங்ல வண்டி குறுக்க நிக்குதுன்னு செக்யூரிட்டி கத்தறான். எடுத்து விட்டுட்டு வந்துடறேன்."

போய்விட்டார். பஸ்ஸில் வந்த மனுஷர்.

உள்ளே அக்கா சாய்நாற்காலியில் படுத்திருந்தாள். கையிலிருந்து இரண்டு குழாய்கள் இயந்திரத்துக்குப் போயின. ஒன்றில் ரத்தம் போனது, ஒன்றில் திரும்பி வந்தது. பக்கத்து மேசையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். அவளுக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் குடித்தால் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தேங்கி நெஞ்சை அடைத்துவிடும். மூடியில் ஊற்றி, நாக்கை நனைத்து, மூடிவைக்கிறாள். நாள் முழுக்கத் தாகத்தோடு இருப்பவள் பாதி பாட்டிலை மிச்சம் வைத்திருக்கிறாள். அந்தப் பாட்டிலை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. சின்ன வயதில் அந்தப் பிரேக்கை எனக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாடா மூட்டை. உக்காரு. அந்த நாற்காலி தாங்கும், விசாரிச்சுட்டேன்."

உட்கார்ந்தேன். தாங்கியது.

"வீடியோ பாத்தியாக்கா?"

"பாக்காம? நர்சுங்களுக்கும் காட்டிட்டேன். கடைசில விரலை நக்கற பாரு, அங்க எனக்கே எச்சில் ஊறிடுச்சு. இருக்கறதே சொட்டுத் தண்ணி, அதுல இது வேற."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். பழக்கதோஷம். பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

"அந்த டிரைவரைத் திட்டினாங்கக்கா. நான் வாயைத் திறக்கல. கூட நின்னு தேடினேன்."

"தேடறதுதான் வீடியோல இல்ல. அதை நீயே சொல்லிட்ட." கையை நீட்டி என் சட்டைக் கறையை விரலால் சுரண்டினாள். "வெந்நீர்ல போட்டா போயிடும்."

"கேலி பண்ணாத. ஒண்ணு கேக்கறேன். காலைலேர்ந்து கேட்டுட்டு இருக்கேன், ஆளாளுக்கு நழுவறாங்க. அவசரம் இல்லைன்னு ஏன் சொல்றாங்க?"

"யாரு சொன்னா?"

"அந்தச் சத்துணவுப் பொண்ணு. இவளைக் கேட்டா உன்னைக் கேளுங்கறா. மாமா இல்லாத வண்டியை எடுக்கப் போயிருக்கார்."

அக்கா சிரித்தாள். "அவருக்குப் பொய் சொல்லவே வராது. கியர் மாத்தும்போதே சத்தம் கேட்டுடும்."

"அக்கா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கப் போகிறாள், இவளும் நழுவுகிறாள் என்று நினைத்தேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தாண்டா சொன்னேன்" என்றாள், கண்ணைத் திறக்காமல். "உன் பேரை எடுத்துடச் சொல்லி. போன வாரமே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

இதை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று பார்த்தேன். தாண்ட முடியவில்லை. அந்த நொடி என் மனதில் முதலில் வந்தது வருத்தம் இல்லை. நிம்மதி. இறுக்கிக் கட்டியிருந்த பெல்ட்டைக் கடைசி ஓட்டைக்குத் தளர்த்தினால் வயிறு ஒரு மூச்சு விடுமே, அப்படி. மறுநொடியே காது மடல்வரை சூடேறியது. ஆனாலும் முதலில் வந்தது அதுதான்.

அக்கா கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி ஓட்டப் பழகுகிறவன் எந்த இடத்தில் மிரளப் போகிறான் என்று, அவன் மிரளுவதற்கு முன்பே தெரிந்துகொள்கிறவள். என் முகத்தில் வந்ததும் போனதும் அவளுக்குத் தப்பியிருக்காது.

"என்னை நம்பலையாக்கா நீ?"

மூட்டை, பீப்பாய், ரோடு ரோலர் என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

"நம்பல" என்றாள்.

பக்கத்து நாற்காலிக்காரர் செய்தித்தாளைத் திருப்பினார்.

"மனசில்லாதவன்னு சொல்லலடா. உனக்குப் பயம். கத்தி எங்க வைப்பாங்கன்னு டாக்டர் உன் இடுப்புல கோடு போட்டுக் காட்டினாரே, அன்னிக்கே பாத்தேன். அதுக்கப்புறம்தான் நீ இப்படித் தின்ன ஆரம்பிச்ச. என்கிட்ட தர்றேன் தர்றேன்ன. உன் உடம்புகிட்ட வேற சொல்லிட்டு இருந்த. நான் எதை நம்பறது?"

"நான் வேணும்னு செய்யலக்கா..."

"தெரியும். வேணும்னு செஞ்சிருந்தா ஒரு அறை விட்டுட்டு நிறுத்தியிருப்பேன்." உதடு காய்ந்திருந்தது. பாட்டில் பக்கம் கை போயிற்று; எடுக்காமல் திரும்பி வந்தது. "பயமா இருக்குக்கான்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாமே. எனக்கும் பயமாத்தான் இருக்குன்னு சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் உக்காந்து சேர்ந்து பயந்திருக்கலாம். அதை விட்டுட்டு நீ மறைவாப் போய் நின்னு தனியாத் தின்னுட்டு இருக்க, நான் இங்க தனியாப் படுத்துட்டு இருக்கேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரித் தரை அன்றைக்குப் பார்த்து அத்தனை சுத்தமாக இருந்தது; பார்க்க ஒன்றுமே இல்லை.

கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. கேட்காமல் எழுந்துபோனால் இன்று இரவு நிம்மதியாகத் தூங்கலாம் என்று எனக்கே தெரிந்தது. அதனால்தான் கேட்டேன்.

"அப்போ உனக்கு வேற யாராவது கிடைச்சிருக்காங்களா?"

வழக்கமாக இந்த இடத்தில் அவள் ஒரு ஜோக் அடிப்பாள். நான் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவேன். அக்கா குழாய் இல்லாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி லேசாகத்தான் இருந்தது.

"இல்லடா" என்றாள். "யாரும் இல்ல."